நாலாவது பக்கத்துச் சாக்கு

தாம்பரத்தில் பழைய ரெஜிமென்ட் ஒன்றின் போர் நினைவுத் தூணைப் பழுது பார்க்க ஆள் எடுத்தபோது, அம்மணிக்குக் கிடைத்தது தண்ணீர் ஊற்றும் வேலை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. மூன்று வாரம் காயவே விடக்கூடாது. நாலு பக்கமும் சாக்கு கட்டி, பொழுதுக்கும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆறரைக்கே வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். சுண்ணாம்பு அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

ஆறாவதோடு பள்ளியை விட்டவள். வாய் திறக்க மாட்டாள். கண் மட்டும் சும்மா இருக்காது. தூணில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்ஜினியர் மிருதுளா ஒருநாள் வாசித்துச் சொன்னாள். அதிகாரிகள் ஆறு பேருக்கும் பெயர், பட்டம், ஊர். கடைசி வரியில், 'சிப்பாய்கள் நாற்பத்தொரு பேர்.' அவ்வளவுதான். அம்மணி அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடவே செத்தவனுக்குப் பெயர் கிடையாதா?

பதினோராம் நாள் சூப்பர்வைசர் தேவானந்தம் சாக்கை அவிழ்த்தான். தூணின் திறப்பு விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். மிருதுளா இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள்.

"இன்னும் பத்து நாள் நனைக்கணும் சார்."

"நீ இன்னா இன்ஜினியரா? போய் வேலயப் பாரு."

விழாப் பந்தலிலிருந்து தெரியும் மூன்று பக்கங்களுக்கு மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். யார் கண்ணிலும் படாத பின்பக்கத்தை அப்படியே விட்டார்கள். அந்த ஒரு சாக்கை அம்மணி விடாமல் நனைத்தாள்.

விழா முடிந்த ஒரே வாரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, பூச்சு பிளந்தது. ஊர் திரும்பிய மிருதுளா, தேவானந்தம் எழுதியிருந்த சைட் நோட்டை உரக்கப் படித்தாள்: "வேலையாள் அம்மணி சரிவரத் தண்ணீர் ஊற்றாததால் பூச்சு வெடித்துவிட்டது."

இத்தனை நாள் வேலையில் அம்மணியின் பெயரை அவர்கள் எழுதியது இதுதான் முதல் தடவை.

"இவள நிறுத்திட்டு சிமென்ட் அடிச்சிரலாம் மேடம்," என்றான் தேவானந்தம். "ரெண்டு நாள் வேல."

"ஏம்மா, ஊத்தலையா?" என்றாள் மிருதுளா.

அம்மணி விறுவிறுவென்று பின்பக்கம் போய்ச் சாக்குக் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது பூச்சு. ஒரு கீறல் இல்லை.

"இங்கியும் நான்தான் ஊத்துனேன்."

"அது நெழல் பக்கம் மேடம்..."

"நெழலா? மூணு மணிக்கு வந்து நில்லு சார், மண்ட பொளக்கும்! மேக்கால வெயிலு பூரா இங்கதான் கீது. மீதி மூணு சாக்கையும் அவுத்தது யாரு? நானா?"

மிருதுளா பூச்சைத் தடவிப் பார்த்தாள். பேனாவை எடுத்து அம்மணியின் பெயரை அடித்தாள். "மூணு பக்கமும் சுரண்டிட்டு மறுபடி சுண்ணாம்புதான். அம்மணியே பாத்துக்கட்டும்."

"அடிச்சா மட்டும் போதாது மேடம். அவுத்தது யாருன்னு எழுதுங்க."

"அதெல்லாம் எதுக்கு மேடம்..." தேவானந்தம் குழைந்தான்.

"என் பேரு எழுதுறப்போ நல்லா இருந்திச்சா?"

மிருதுளா எழுதினாள். அம்மணி நோட்டை வாங்கி, வெடித்த விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் படித்தாள். தே-வா-ன-ந்-த-ம். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாளியோடு குழாய்க்குப் போனாள். நாலாவது பக்கம் காய்ந்துகொண்டிருந்தது.