படத்தில் வைக்காத புள்ளி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு "அனைவரும் வருக" என்று நோட்டீஸ் ஒட்டுவோம். யாரும் வரமாட்டார்கள். டிபார்ட்மென்ட் ஆட்கள் நாலு பேர், சமோசாவுக்காக ஜூனியர்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான். நான் கைடாக இருந்த காலம் முழுக்க இதே கதைதான். அதனால் என் மாணவி கவிதா அந்த நோட்டீஸை நிஜமென்று நம்பி, தான் பேட்டி கண்ட பெண்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கவிதா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பாடம் மனிதப் புவியியல். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் பெண்கள், வழியில் எந்த இடத்தைத் தங்களுடையது என்று நினைக்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. பாதி ஆய்வை லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நின்றுகொண்டே செய்தாள்.

தேர்வன்று கடைசி வரிசை நிறையப் பெண்கள். கவிதா முகம் வெளுத்து என்னிடம் வந்தாள்.

"சார், செல்வியக்கா நாத்தனாரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க."

என் சிரிப்பு போயிற்று. செல்வி என்று இங்கே வைத்துக்கொள்வோம். வேலை விட்டு வரும்போது பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரக் கோடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் வீட்டுக்குப் போகிறவர். வீட்டில் கேட்டால் வண்டி லேட் என்பார். நாத்தனாருக்கும் அதே வீடுதான். தான் சொன்னது ஆய்வின் உயிரான அத்தியாயமாகிவிட்டது என்று செல்விக்குத் தோன்றவே இல்லை.

"அந்த ஸ்லைடைத் தாண்டிடு. எப்படியும் இங்கிலீஷ்லதானே பேசப்போற" என்றேன்.

தாண்டினாள். எல்லாம் நன்றாகவே போயிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். அதுதான் வினையாயிற்று.

"ஆய்வுல பேசினவங்களே வந்திருக்காங்க. அவங்களுக்கும் புரியணும், தமிழ்லயே கேக்கறேன்" என்றார். "பாதி வழியில இறங்கி உக்கார்ற ஒரு அம்மாவைப் பத்தி எழுதியிருக்கீங்க. அதை ஏன் காட்டல? மேப்லயும் அந்த ஸ்டேஷன் இல்ல. அது எந்த ஸ்டேஷன்?"

கைடு குறுக்கே பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் மேஜையைப் பார்த்தேன். செல்வி குனிந்து தன் பையைக் கிளற ஆரம்பித்தார்.

"சொல்ல முடியாது சார்" என்றாள் கவிதா.

"இடத்தைச் சொல்லாம என்னம்மா ஜியாகிரபி? நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கவிதா அவரை நேராகப் பார்த்தாள். "இடத்தைச் சொல்லிட்டா, அப்புறம் அந்த இடம் அவங்களுக்கு இருக்காது சார்."

தேர்வாளர் கடைசி வரிசையை ஒரு தரம் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"சரி, அடுத்த கேள்வி" என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சமோசாத் தட்டோடு நாத்தனார் என்னிடம் வந்தார். "இன்னா சார், அந்தம்மா யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே! ஊட்டுக்குப் போவாம அங்க இன்னாதான் பண்ணும் அது?"

"சும்மா குந்திகினு இருக்கும். வா, வண்டிக்கு நேரமாச்சு" என்றார் செல்வி.

பார்த்ததையெல்லாம் மேப்பில் குறி என்றுதான் வகுப்பில் வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். எதைக் குறிக்காமல் விடுவது என்று தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று இப்போது ஆய்வுக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அது எந்த ஸ்டேஷன் என்று எனக்குத் தெரியும். சாயங்கால வண்டியில் அந்த வழியாகப் போக நேர்ந்தால், அங்கே வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.