தில்லையக்காவும் ‘நாங்கள்’ என்ற சொல்லும்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியில் செய்தி வந்தது. கிள்ளானில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெரியசாமி அண்ணன் பேசினார். “சரோ, தில்லையக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே போயிட்டாங்க. கடை தெறக்குற நேரமாயும் மாடியில ஒரு சத்தமும் இல்லன்னு போய்ப் பாத்தோம்” என்றார். பிறகு அவரே, “பேர்த்துக்கு யாரு சொல்றது?” என்று கேட்டார்.

பேர்த்தில் இருப்பவர் தில்லையக்காவின் அண்ணன். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். தங்கையைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது எங்கள் நண்பர் கூட்டம் அவரைப் பற்றி வெகுநாளாகச் சொல்லிவந்த தீர்ப்பு. அவரிடம் யாரும் கேட்டதில்லை. அக்காவும் மறுத்ததில்லை. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பது அக்காவின் ஈமச்சடங்கில்தான் தெரிந்தது. அக்காவை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

மிஸ் தில்லைநாயகி இங்கே மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசாங்க வரி அலுவலகத்தில் மூத்த எழுத்தராக இருந்தார். கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மலாய்த் தேர்வை நாங்களெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். அக்காவோ ஆசையாகப் படித்து முதல் வகுப்பில் தேறினார். அதன் பிறகு எங்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

நாங்கள் எழுதும் கடிதங்கள் அவர் மேசைக்குப் போய், பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லுக்காகத் திரும்பி வரும். மலாயில் ‘கித்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் கித்தா. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் காமி. ஒருமுறை நான் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

“சரோ, நீர் கித்தா எண்டு எழுதியிருக்கிறீர். அப்ப கடிதம் வாங்கிற மனுசனும் எங்களோட சேர்ந்து, தன்னிட்டைத் தானே வரி கேக்கிறாரோ?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“நம்ம தமிழ்லயும் அதே மாதிரிதானேக்கா? நாம வேற, நாங்க வேற” என்றேன்.

“உங்கட தமிழில. எங்கட வீட்டில கேக்கிற ஆளைச் சேர்த்தாலும் விட்டாலும் ‘நாங்கள்’தான். நான் அந்தப் பழக்கத்தை விட்டிட்டன்.”

பொடி போடுவதை நிறுத்தியவர்கள் சொல்வார்களே, அப்படி ஒரு பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஒருவர் அபிப்பிராயம் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது என்பது விதி. விதியைக் காப்பாற்ற வழி தெரியாமல், கேட்பவர்கள் வாயில் வடையைக் கொடுத்துவிடுவோம். தேவராஜ் மாஸ்டர் என்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர்தான் தலைவர். பெரியசாமி அண்ணன் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். அக்கா, தாம் பேசி முடிக்கும்வரை வடையைத் தொடமாட்டார். பிறகு ஆறிப்போனதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விண்வெளித் தொடர் தொலைக்காட்சியில் ஓடியது. ஆங்கிலத் தொடர், திரையின் அடியில் மலாய் எழுத்து. அது முடிந்த கையோடு, அதே கதையை நாவலாக்கி, அட்டையில் நடிகர்களின் படத்தைப் போட்டு ஒரு புத்தகம் வந்தது. பெரியசாமி அண்ணன் அதை எங்கோ வாங்கிக்கொண்டு வந்து, இந்த மாதம் இதைத்தான் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். மாஸ்டர் தலையிலடித்துக்கொண்டாலும் படித்துவிட்டுத்தான் வந்தார்.

“இது நாவலே இல்ல. டிவிக்குத் தைச்ச சட்டை. அதைக் கழட்டி நம்மகிட்ட வித்திருக்கான்” என்பது அவர் அபிப்பிராயம்.

“அப்படிச் சொல்லாதீங்க மாஸ்டர். டிவில அந்த டாக்டரம்மா சும்மா மொறைச்சிக்கிட்டு நிப்பாங்க. மனசுல என்ன ஓடுதுன்னு புக்லதான் லா தெரியுது” என்றார் பெரியசாமி அண்ணன், இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

தொடரைவிடப் புத்தகம் நீளம், ஆனால் நடுவில் சவர்க்கார விளம்பரம் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது என்று நான் சொன்னேன். அதை யாரும் ஓர் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அக்கா எழுந்தார். கதையின் முடிவு இதுதான். கொள்ளைநோய் பரவிய ஒரு கிரகத்தில் நோயாளிகளைப் பார்க்க ஒரு பெண் மருத்துவர் இறங்கியிருக்கிறார். மேலே கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது. கப்பல் தலைவர் வானொலியில் அவரிடம், “வீ ஆர் கோயிங் ஹோம்” என்கிறார். மருத்துவர் பதில் சொல்லாமல் கருவியை அணைக்கிறார். கப்பல் போய்விடுகிறது. தலைவர் அவரைக் கூப்பிட்டாரா, அல்லது போய்வருகிறோம் என்றாரா? ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான்; அதற்குள் நாம், நாங்கள் இரண்டும் அடங்கும்.

“திரையில ‘காமி’ எண்டுதான் போட்டவை. நான் கண்ணால வாசிச்சனான். அவவைக் கூப்பிடேல்லை. போறம் எண்டு அறிவிச்சவர், அவ்வளவுதான்” என்றார் அக்கா.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “எழுத்துப் போட்டவன் தப்பாப் போட்டிருப்பான். கூப்பிடாம எதுக்கு அவ்வளவு நேரம் கப்பலை நிறுத்தி வச்சிருக்கான்?”

பெரியசாமி அண்ணன் வடையைக் கீழே வைத்துவிட்டார். “சரிக்கா, சந்தேகம்னே வைங்க. அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நானும் வரட்டான்னு?”

“கூப்பிடாத இடத்துக்கு வரட்டோ எண்டு கேக்கிறது மரியாதை இல்லை” என்றார் அக்கா. பிறகு உட்கார்ந்து வடையை எடுத்துக்கொண்டார். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, ஒரு மதியச் சாப்பாட்டின்போது அக்கா சாதாரணமாகச் சொன்னார்: “அண்ணா பேர்த்துக்குப் போறாராம். வேலை கிடைச்சிட்டுது. ‘நாங்கள் போறம்’ எண்டு நேற்றுச் சொன்னவர்.”

“நீங்க?” என்றேன்.

“நாங்கள் எண்டார், சரோ” என்றார். டிபன் கேரியரை ஒவ்வொரு தட்டாகக் கழுவி அடுக்கினார். எனக்கு அந்த அண்ணன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. மாலையே மாஸ்டரிடமும் பெரியசாமி அண்ணனிடமும் சொல்லித் தீர்த்தேன். கூடப் பிறந்தவளை இப்படியும் கழற்றிவிடுவார்களா என்று மூவரும் சேர்ந்து திட்டினோம்.

அண்ணன் குடும்பம் போயிற்று. பிரிக்பீல்ட்ஸ் வீடு கைமாறியது. அக்கா கிள்ளானுக்கு, பெரியசாமி அண்ணன் கடைக்கு மேலிருந்த அறைக்குக் குடிபோனார். அதன்பின் சோகமாக வாழ்ந்தார் என்று எழுதினால் எழுந்து வந்து திருத்துவார். ஓய்வு பெற்றார். நிறையப் படித்தார். மருந்துப் பெட்டிகளில் இருந்த மலாய் வாசகங்களில் பிழை பிடித்தார். வட்டம் கூடும் சனிக்கிழமை தவறாமல் ரயிலில் வந்தார். தீபாவளிக்கு முன் பேர்த்துக்கு மிளகாய்த்தூள் அனுப்புவார். அங்கிருந்து வாழ்த்து அட்டை வரும். ஒருமுறையாவது போய்ப் பார்த்து வரலாமே என்றதற்கு, “கூப்பிட்டால் போகலாம்” என்றார். வாழ்த்து அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று நான் கேட்டதில்லை.

அக்கா இறந்த செய்தி கேட்டு, வியாழக்கிழமை பேர்த்திலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். வயதாகிவிட்டது. விமானத்தில் வந்த கசங்கிய சட்டையோடே காரியங்களைச் செய்தார். எல்லாம் முடிந்து பெரியசாமி அண்ணன் வீட்டில் தேநீர் கொடுத்தபோது, எங்கள் மூவரையும் பார்த்து அவராகவே கேட்டார்.

“நீங்கள் அவவோட கனகாலம் பழகினனீங்கள். ஏன் அவ எங்களோட வரேல்லை? உங்களிட்டை ஏதும் சொன்னவவோ?”

பெரியசாமி அண்ணனுக்கு வாயை அடக்கத் தெரியாது. “என்ன லா அண்ணே இப்படிக் கேக்கிறீங்க? நீங்கதானே ‘நாங்க போறோம்’னு சொன்னீங்க?”

“ஓம், சொன்னனான். நாங்கள் போறம் எண்டு. அவவையும் சேர்த்துத்தானே நாங்கள்?” அவருக்கு எங்கள் குழப்பம் புரியவில்லை. “அவ ஒண்டும் பேசாமல் கறி தாளிச்சுக்கொண்டு நிண்டவ. பிறகும் வாய் திறக்கேல்லை. சரி, வேலை, சிநேகிதர் எல்லாம் இங்கைதானே, வர விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன். வளர்ந்த ஆளை வா வா எண்டு இழுக்கிறது மரியாதை இல்லையே.”

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன், தம் வீட்டுத் தமிழில் பேசியிருக்கிறார். அக்கா அதை மலாய்த் தேர்வெழுதிய காதால் கேட்டிருக்கிறார். பிறந்த வீட்டின் சொல், பிறந்த வீட்டின் அர்த்தத்தோடுதான் வந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார். கேட்பது மரியாதை இல்லை என்று தங்கையும், வற்புறுத்துவது மரியாதை இல்லை என்று அண்ணனும் கடலுக்கு இரண்டு பக்கமும் இருந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் வந்த அழுகை அது.

பெரியசாமி அண்ணன் ஏதோ விளக்க வாயெடுத்தார். நான் தலையசைத்து நிறுத்தினேன். இனி அதை அவருக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. “எங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்ல அண்ணே” என்றேன்.

மறுநாள் அஸ்தியைக் கரைக்கக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போனோம். சிறிய படகு ஒன்றைப் பேசியிருந்தார்கள். அண்ணன் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி, “சரி, நாங்கள் போவம்” என்றார். அவருடைய உறவினர் இரண்டு பேர் படகில் ஏறினார்கள். நாங்கள் கரையிலேயே நின்றோம். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

அப்போது பெரியசாமி அண்ணன், அந்தத் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார்: “அண்ணே, நாங்களும் வரலாமா?”

“இதென்ன கேள்வி? உங்களையும் சேர்த்துத்தானே சொன்னனான், ஏறுங்கோ” என்றார் அவர்.

ஏறினோம். மாஸ்டரின் கால் இடற, அண்ணனே கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கடல் அமைதியாக இருந்தது. கலயம் கை மாறி ஒருமுறை என்னிடமும் வந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அக்கா, சொல்லைச் சரிபார்த்தே எழுதுகிறேன். அன்று அந்தப் படகில் நாம் போனோம்.