ஃபிட் என்று வந்த தம்பி

விசா புதுப்பிக்க ரத்தம் கொடுத்துவிட்டு, துபாய் பக்கம் அஜ்மானில் ஒரு மெடிக்கல் சென்டரில் முடிவுக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் என்ன வருமோ என்ற பயம் எனக்கு உண்டு. பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன், இருபத்தொரு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, ஒழுங்காக வெட்டிய தாடி. கைப்பேசியைச் சட்டையில் துடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தான்.

"என்ன தம்பி, இவ்வளவு பயம்?"

"போன வாரம் ஒரு இடத்துக்குப் போனேண்ணே. காண்டம் போடல. எச்ஐவி இருந்தா ஊருக்கு அனுப்பிருவாங்கல்ல?"

அனுப்பிவிடுவார்கள். எங்கள் தொழிலாளர் கேம்பில் ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் பெட்டியை நாங்கள்தான் கட்டினோம். அவனிடம், "நல்லதே வரும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அவன் கைப்பேசி ஒலித்தது. படித்ததும் துள்ளி எழுந்தான்.

"ஃபிட்ண்ணே! கலாஸ், பயம் முடிஞ்சுது. இனி அடுத்த விசா வரைக்கும் கவலையே இல்ல. என் ஆளுகிட்ட இதைக் காட்டினா, அவளும் காண்டம் கேக்க மாட்டா."

"அப்படி இல்ல தம்பி. எச்ஐவி தொத்தியிருந்தாலும் மூணு மாசம் வரைக்கும் ரத்தத்துல தெரியாமலும் இருக்கலாம்னு எங்க கேம்ப் நர்ஸ் சொன்னாங்க. மறுபடி பாக்கணும்."

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கண்ணே?"

"எட்டாவது."

"நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம்ணே." சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். கைப்பேசியை அதன் பிறகு அவன் துடைக்கவில்லை.

எனக்கும் ஃபிட் என்றுதான் வந்தது. நிம்மதி வரவில்லை. பின்னாலேயே ஓடி, இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எட்டாவது என்ற வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது.

நர்ஸ் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன், அவன் 'ஆளு' என்று சொன்ன, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக.