முருகலட்சுமியின் முதல் லோடு

நாற்காலியைக் காட்டினால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் முருகலட்சுமி. பேசிக்கொண்டே கையெட்டும் மூட்டைக்குள் விரலை விட்டு நாலு மிளகாய் வத்தலை எடுப்பாள். காம்பைக் கிள்ளிக் கிள்ளித் தரையில் போடுவாள். அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கண்ணீரோடு பஸ் ஏறுவாள்.

பரமக்குடியில் என் கமிஷன் கடைக்கு அவள் அய்யா ராக்கப்பன் வெகுகாலமாக வத்தல் போடுகிறவர். மகள் மதுரையில், பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள்: சர்வதேசப் பொருளாதாரமும் வாணிபக் கொள்கையும். படிப்பின் பெயர் என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மூட்டை தூக்க வந்த தெருவிலேயே இன்று எனக்கு மூன்று கடை. எவரும் கைதூக்கி விட்டதில்லை. படித்தவர்களைக் கண்டு நான் எழுந்து நிற்பதுமில்லை. இவளுக்கு மட்டும் பதில் சொல்லி மாளாது. நான் வாயை மூடுமுன், "சரி பெரியப்பா, அப்பறம்?" என்பாள்.

கண்ணில் படுகிற பொருளெல்லாம் எந்தத் தேசத்துக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பஸ்ஸில் புதுமடத்து நண்டுக்காரம்மா ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாளாம்.

"இந்த நண்டு எங்கக்கா போகுது? சிங்கப்பூருக்கா?"

"எங்க போனா ஒனக்கென்னடி? நீ திங்கப் போறியா, கூடப் போகப் போறியா?"

"கூடத்தான்க்கா" என்றாளாம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

அமெரிக்கா வரியைக் கூட்டிய அன்று, போனைப் பார்த்தபடி என் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"வரிதான ஆத்தா? கட்டிட்டுப் போறான்" என்றேன்.

"வரிகூடப் பரவால்ல பெரியப்பா. காசக் குடுத்தாத் தாண்டிறலாம். இந்த மருந்து இருக்கக் கூடாது, இந்தப் பூஞ்ச இருக்கக் கூடாதுன்னு விதி போடுறாம் பாருங்க, அதான் பெரிய சுவரு. நம்ம வத்தல் அதுக்கு இங்கிட்டே நிக்கிது."

அவள் ஆராய்ச்சியும் அந்தச் சுவரைப் பற்றித்தான். எழுதினால் மட்டும் அவளுக்குப் போதாது. தாண்டிக் காட்ட வேண்டும். ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிரித்தவர்கள்தான் அதிகம். அவள் அய்யா, வீரபத்திரன், சண்முகவள்ளி ஆகிய மூவர் மட்டும் அந்தப் பருவம் மருந்தடிக்காமல் விட்டார்கள். பூச்சி தின்றது போக மிஞ்சியதை ஜெர்மனிக்கு அனுப்பத் தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் ஒருவர் சம்மதித்தார். மூன்று வீட்டு வத்தலும் ஒரே லோடு. ஒரு மூட்டையில் பூஞ்சை கண்டாலும் மொத்தமும் திரும்பி வரும். அதன்பின் அந்த ஊரில் அவள் பேச்சை எவரும் கேட்கப்போவதில்லை.

லாரி என் கடை வாசலில் நின்றது. லாரியும் என்னுடையதுதான். மூட்டைகள் ஏறிவிட்டன. இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே ஏறி, மூட்டைக்கு ஒரு வத்தலாக உருவிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். காய்ந்த குண்டு வத்தலென்றால் உள்ளே விதை குலுங்கும். வீரபத்திரனுடையது குலுங்கியது. சண்முகவள்ளியுடையதும் குலுங்கியது. அய்யா மூட்டையில் எடுத்ததில் சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை.

"அய்யா, தண்ணி தெளிச்சீகளா?"

ராக்கப்பன் தோள் துண்டை உதறினார். "லேசாத்தான்த்தா. மூட்ட பிடிக்கையில ஒடஞ்சு போகுமேன்னு... எல்லாரும் தெளிக்கிறதுதான?"

உண்மைதான். எங்கள் பக்கம் தெளிக்காமல் மூட்டை பிடிப்பவரைக் காண்பது அரிது. ஒடிந்த வத்தலுக்கு நானே விலையைக் குறைப்பேன். ஆனால் அந்த ஈரம் கப்பலுக்குள் புழுங்கினால் பூஞ்சைதான்.

"ஜெர்மனிக்காரன் சட்டமெல்லாம் படிச்ச பிள்ள, ஒங்கய்யா செம்பப் பிடுங்கி வைக்கலயே!" என்று வீரபத்திரன் சிரித்தார்.

"ஒங்க ரெண்டு வீட்டுலயும் சொன்னேன் தாத்தா." அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுலதான் சொல்லல. அய்யாவுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

மறுபடி காயவைக்க நாளாகும், கப்பல் காத்திருக்காது. "விடு ஆத்தா, எல்லா மூட்டையையுமா குத்திப் பாப்பான்? போகட்டும்" என்றேன். ராக்கப்பன் என்னை நன்றியோடு பார்த்தார். டிரைவர் ஹாரனை அழுத்தினான்.

அவள் குதித்து இறங்கினாள். "பொன்னுச்சாமிண்ணே, எங்க அய்யா மூட்ட அம்புட்டையும் எறக்குங்க."

லோடுமேன் பொன்னுச்சாமி என் முகத்தைப் பார்த்தான். நான் டிரைவரிடம் ஹாரனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். மேலிருந்து கீழே தள்ளிவிடுவதுதான் வழக்கம்; தள்ளக் குனிந்தான்.

"தள்ளாதீக!"

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, லாரிக்கு முதுகைக் காட்டி நின்று மூட்டையை வாங்கினாள். தடுமாறிப் போய் அய்யாவின் காலடியில் இறக்கி, சாயப்போனதை முழங்காலால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாள். பிறகு அடுத்ததற்கு முதுகைத் திருப்பினாள்.