உச்சிவெயிலில் துடைத்தவர்

விரல் வைத்தாலே கண்ணாடியில் அழுக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குக் கண்ணாடி அண்ணன் என்று பெயர். உயரமான கட்டடங்களின் ஜன்னல்களை இருபத்திரண்டு வருடம் கயிற்றில் தொங்கித் துடைத்தவர். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் ஊருக்கு வெளியே சோலார் நிலையத்தில் சேர்ந்தார். வேலை அதேதான், தொங்க வேண்டியதில்லை. விடிகிற நேரத்தில் நீளக் கழித் துடைப்பானோடு இறங்குவார். வெயில் ஏறுவதற்குள் பன்னிரண்டு வரிசை முடிந்துவிடும்.

வரிசைக்கு இருபது பேனல். ஒவ்வொன்றின் முதுகிலும் முந்நூற்று முப்பது வாட் என்று ஒட்டியிருக்கும். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதைப் பெருக்கிப் பார்த்தார். ஆறாயிரத்து அறுநூறு வர வேண்டும். நடுமதியத்தில் வரிசையின் மீட்டர் நாலாயிரத்து எண்ணூறைத் தாண்டவில்லை.

"என்ன பெரியவரே, தொடைக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?"

"தொடைச்சாச்சு சார். வெரல வச்சுப் பாருங்க."

"என் வெரல் எதுக்கு? அதான் மீட்டரே சொல்லுதே."

வேலை போய்விடும் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. துடைத்ததைத் துடைக்கவில்லை என்றதுதான் உறைத்தது.

மின்பொறியியல் படித்த மகளிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"அது ஏசி ரூம் கணக்குப்பா. ஃபேக்டரில பேனல இருபத்தஞ்சு டிகிரில வச்சு, பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சு அளந்தது. உங்க மைதானத்துல மதியம் அது அறுபத்தஞ்சுக்குக் கொதிக்கும். வெளிச்சம் கூடுனா கரண்டு கூடும், சூடு கூடுனா கொறையும். அது போக வயரும் இன்வெர்ட்டரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்னும்."

"இத அவர்கிட்ட சொன்னா, வெயில்ல எனக்கு மூளை கலங்கிடுச்சும்பாரு."

"சொல்லாதீங்க, காட்டுங்க. காலைல தொடைச்ச வரிசை மேல, மதியம் அவர் கண்ணு முன்னாடி சும்மா தண்ணி ஊத்துங்க. தேய்க்காதீங்க. பேனல் குளிர்ந்து மீட்டர் ஏறும். சூடுதான் காரணம்னு அவருக்கே புரியும்."

மறுநாள் மதியம் ஊற்றினார். மீட்டர் ஐயாயிரத்து இருநூறுக்கு ஏறியது. ஜெயித்த முகத்தோடு திரும்பினார்.

சூப்பர்வைசர் கைதட்டினார். "பாத்தீங்களா! தண்ணி பட்டதும் எப்படி ஏறுது! அவ்வளவு அழுக்கு."

"இல்ல சார், அது சூடு. எம் பொண்ணு படிச்சிருக்கா, அவ..."

"பொண்ணு படிக்கட்டும், நீங்க தொடைங்க. நாளைலேருந்து பன்னண்டு மணிக்கு வாங்க. மூணு வரைக்கும் தண்ணி விட்டுத் தேய்ங்க."

கால் மணி நேரத்தில் மீட்டர் பழைய எண்ணுக்கே இறங்கியது. அதைப் பார்க்க அவர் மட்டும்தான் அங்கே நின்றிருந்தார்.

மகள் வரைபடத்தோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மேலே அனுப்புவதாகச் சூப்பர்வைசர் சொன்னார். பதில் வரவில்லை.

"வேலைய விட்டுடுங்கப்பா."

"விட்டா, அந்தாளு சொன்னது நெசமாயிடும்லம்மா?"

மதிய வேலைக்கு வந்த பதினாறாம் நாள், ஏழாவது வரிசைக்கும் எட்டாவது வரிசைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். துடைப்பானைப் பிடித்த கை விடவில்லை. மருத்துவமனையில் அக்குளிலும் கழுத்திலும் பனிக்கட்டி வைத்தார்கள். மறுநாள் காலையில் கொஞ்சம் தெளிந்து, மகளைக் கிட்டே வரச் சொன்னார்.

"தேய்க்கக்கூட இல்ல. தண்ணி பட்டதுக்கே ஏறுச்சே. லேசா அழுக்கு இருந்திருக்குமோ?"

"இல்லப்பா. சுத்தமா இருந்துச்சு. சூடுதான்."

அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ எம் பொண்ணு. அப்படித்தான் சொல்லுவ."

அன்று மதியமே இறந்துபோனார்.