அண்ணி அடக்கிய தெரு

மூடி மூடவில்லை. ஒரு விரல் கனம்தான் இடித்தது. மண்ணூர்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் ஒரு கணினியைப் பாகம் பாகமாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்லிசைக் குழு ஒன்று தன் கருவிகளை மாட்டி எடுத்துப்போக வைத்திருந்து, வேண்டாமென்று தள்ளிய ரேக் பெட்டி எனக்குக் கிடைத்திருந்தது. கனத்த ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை, முன்னும் பின்னும் கழற்றி மாட்டும் கதவு, இரண்டு பக்கமும் கைப்பிடி. அதற்குள் திருகி மாட்டத் தட்டையான ஓர் இரும்புக் கூடு. அந்தக் கூட்டுக்குள் என் கணினி படுக்க வேண்டும். எல்லாம் உள்ளே போய்விட்டது. ப்ராசஸர் சூடாகாமல் காக்கும் கூலர் மட்டும் கோபுரம்போல் நிமிர்ந்து நின்று கூட்டின் தகர மூடியை முட்டியது. என் அண்ணனின் மனைவி, என் அண்ணி, மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு அந்த மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ அண்ணி, எந்திரிங்க! உள்ள போர்டு ஒடஞ்சிடும்!"

"இன்னாத்துக்கு பாப்பா இப்டி கத்தறே? ஊருக்குப் போறப்ப சூட்கேசு இப்டித்தான மூடுவோம்?"

போர்டு உடையவில்லை. அதை எண்ணி எத்தனையோ முறை நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு விரல் கனம்தான் பிறகு எங்களை முத்தாபுதுப்பேட்டைத் தேவாலயத்தில் ஆட்டிவைக்கப் போகிறது என்று அன்றைக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கிடங்குகளில் மூட்டை இறக்கினார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, அம்பத்தூரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் சந்தில் எல்லா வீட்டுக்கும் இனிப்பு போயிற்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. ஒலிப்பதிவில் பித்துப் பிடித்தது கல்லூரியில். ஸ்டுடியோவுக்கு வர முடியாதவர்களிடம் ஸ்டுடியோவே போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஓரிடத்தில் இறக்கி, கதவைக் கழற்றி, மைக்கைச் செருகினால் பதிவு தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வயரைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

செய்து முடித்தபோது பெட்டி ஓர் ஆளால் தூக்க முடியாத கனமாகிவிட்டது. கணினி, அதன் கீழே யூபிஎஸ், மேலே மைக்குகளின் ஒலியை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும் கருவி. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். ஆகவே மறுபக்கக் கைப்பிடியை அண்ணி பிடித்தார். நான் கேட்கவில்லை. முதல் நாள் நான் தனியாக இழுத்துக்கொண்டு வாசல்வரை போவதைப் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். அவ்வளவுதான். வீட்டில் மாவு அரைத்து விற்பவர் அவர். வார நாளெல்லாம் கிரைண்டரோடு மல்லுக்கட்டும் கைகள். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு ஓய்வு. அந்த ஞாயிற்றை எனக்குக் கொடுத்தார். நாத்தனாரும் அண்ணியும் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்த சந்துக்கு இது பொறுக்கவில்லை. முனையிலிருந்த ஆட்டோக்காரர் எங்களைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் இன்னிக்கி எந்த ஊட்ட கொள்ளயடிக்கப் போறீங்க?"

"உன் ஊட்டத்தான் நைனா. இன்னா கீதுன்னு பாத்தோம், ஒண்ணியும் இல்ல. பொட்டிய நாங்களே வெச்சிட்டு வந்துரலாமான்னு யோசிக்கறோம்" என்பார் அண்ணி.

எனக்கு அப்படிப் பேச வராது. படித்தவள் என்ற பெயர் இருந்ததே தவிர, முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்க நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒலிப்பதிவில் கருவியைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு என்பது வெளியே போகப் போகத்தான் தெரிந்தது. அது அமைதி. ஸ்டுடியோவின் சுவர் தருகிற அமைதியை, தெருவில் மனிதர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்ல வேண்டும், நாயைப் பிடித்துக் கட்டச் சொல்ல வேண்டும். நான் மைக்கைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணி தெருவில் இறங்கிவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. முதல் பதிவில் குக்கர் விசில் ஒன்று புகுந்து பாட்டைக் கெடுத்தபோது என் முகம் போன போக்கைப் பார்த்தார். அன்றிலிருந்து தெரு அவருடையதாயிற்று.

அப்போதுதான் முத்தாபுதுப்பேட்டைத் தேவாலயத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பெண்கள் பாடகர் குழுவை நடத்தி வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். குழுவுக்கான பாட்டுகளை அவரே எழுதி, அவரே மெட்டமைத்திருந்தார். வரிகள் மட்டும்தான் காகிதத்தில் இருந்தன. மெட்டெல்லாம் அவர் தொண்டையில் இருந்தது. அந்தத் தொண்டையில் இப்போது கட்டி. அந்த வாரமே அறுவை சிகிச்சை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். குழுப் பெண்கள் கைப்பேசியில் பதிந்து பார்த்தார்களாம். ஆர்மோனியம்தான் கேட்டதாம், டீச்சரின் குரல் கேட்கவில்லையாம். இருந்தது அந்த ஒரு ஞாயிறுதான்.

வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் பெட்டியை உள்ளே கொண்டுபோனோம். தேவாலயத்துக்கு எதிரில் ஒரு வெல்டிங் பட்டறை. உள்ளே நுழையும்போதே காதைக் கிழித்தது. அண்ணி நேராகப் போனார். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்தே, கொஞ்ச நேரம் நிறுத்திக்கயேன். டீச்சரம்மா பாடப் போறாங்க."

"ஞாயித்துக்கெழம கூட தொழில் பண்ண வுட மாட்டீங்களா? டெலிவரி கீதும்மா."

"உன் கிரில்லு சாயங்காலம் ஒட்டிக்கும். அந்தம்மா தொண்ட அறுத்தப்பொறம் ஒட்டுமா, நீயே சொல்லு."

பட்டறைக்காரர் முகத்திலிருந்த கண்ணாடியை மேலே தள்ளினார். "அறுக்கறாங்களா? எந்த டீச்சரு? எம் பொண்ணுக்கு டியூசன் எடுத்தாங்களே, அவங்களா?" பதிலுக்குக் காத்திராமல் சுவிட்சை அணைத்தார். அது மட்டுமில்லை, இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு ஆள் சேர்த்த ஷேர் ஆட்டோவையும் அவரே போய் அதட்டினார். தெரு அடங்கியது. காக்கை ஒன்று கத்தி, அதுவும் போயிற்று.

உள்ளே வந்து ஹெட்போனை மாட்டினேன். மெல்லிய ஓர் இரைச்சல், கொசு காதருகில் வந்து நிற்பதைப்போல. மின்விசிறிகளை அணைத்தாயிற்று, குழல் விளக்கையும் அணைத்தாயிற்று. போகவில்லை. பிறகுதான் உறைத்தது. என் பெட்டி! மூடியை முட்டிய பெரிய கூலரைக் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் தேடி வாங்கிக் குட்டையான கூலரைப் போட்டிருந்தேனே, அதன் சின்ன விசிறி வெயில் ஏற ஏற வேகமெடுத்து வீறிட்டுக்கொண்டிருந்தது. கல்யாண வீடுகளில், கச்சேரிச் சத்தத்தில் அது தெரியவில்லை. டீச்சரின் குரலோ மெலிந்திருந்தது. அதைப் பிடிக்க மைக்கின் காதை எவ்வளவு திறக்கிறேனோ அவ்வளவு விசிறியும் உள்ளே வந்தது.

"ஊரு வாயையே மூட வெச்சிட்டு வந்தேன்" என்றார் அண்ணி. "உன் பொட்டி வாய மூட முடியலியே பாப்பா!"

பெண்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அந்த இருமல் எனக்குள் பயத்தைக் கிளப்பியது. அவர் தொண்டையில் இன்றைக்கு எத்தனை பாட்டு மிச்சமிருக்கும்?

"அப்ப இத்த வெளிய தள்ளிட வேண்டிதான?" என்று அண்ணியே கேட்டார். எனக்கும் அந்த நொடியில் அதுதான் ஓடியது. இருவரும் பெட்டியைத் தூக்கிப் பின்வாசல் படியில் வைத்தோம். மைக் வயர்களைக் கதவிடுக்கு வழியாக விட்டு, கதவைத் துணியால் அடைத்தோம். திரையை வெளியே ஒரு நாற்காலிமேல் ஏற்றி, கண்ணாடிச் சன்னலில் எனக்குத் தெரியும்படி உள்நோக்கித் திருப்பினோம். வயரில்லாத மௌசை நான் உள்ளே வைத்துக்கொண்டேன். இரைச்சல் போயிற்று. ஆனால் அந்தப் படியில் நிழல் கிடையாது. உச்சி வெயில் நேராகப் பெட்டியில் இறங்கியது. சூடு ஏறினால் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அது நடுப்பாட்டில் நடந்தால், டீச்சரால் திரும்பப் பாட முடியுமா என்று எனக்குத் தெரியாது.

"நீ உள்ள போய் உக்காரு. நா பாத்துக்கறேன்" என்றார் அண்ணி.

டீச்சர் பாடத் தொடங்கினார். கூரைக்குக் கீழே குரல் மெல்ல ஏறியது. மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் இடங்களில் கண்ணாலேயே அவர்களை அழைத்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இன்னொண்ணு பாடிடலாம்மா" என்பார். நான் திரையைப் பார்க்கத் தலை நிமிர்த்தும்போதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் அண்ணி தெரிந்தார். யாரிடமோ வாங்கிய குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தார், தனக்கில்லை. இன்னொரு கையில் கிழித்த அட்டைப்பெட்டித் துண்டால் அதன் பின்பக்கத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்த விசிறலில் என்ன பயன் இருந்திருக்கும் என்று படித்த எனக்குத் தெரியாமலில்லை. குடைதான் காப்பாற்றியது. ஆனாலும் அந்தக் கை நிற்கவில்லை. முகமெல்லாம் வியர்வை. யாரோ அந்தப் பக்கம் வந்தபோது உதட்டில் விரலை வைத்து முறைத்து அனுப்பினார். சத்தமில்லாமல் அதையெல்லாம் பார்த்தபடி, காதில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணினி அணையவில்லை. தான் எழுதிய பாட்டுகளையெல்லாம் டீச்சர் பாடி முடித்தார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் டீச்சர் நலமாகத் திரும்பினார். பாடும் குரல் திரும்பவில்லை, பேசலாம், மேல்சுரத்துக்கு ஏற முடியாது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, பதிவைக் கேட்டுக் கேட்டுப் பழகி, இளம்பெண்கள் அவர் பாட்டுகளைப் பாடினார்கள். டீச்சர் முன்னால் நின்று கையசைத்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதாம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன், உழைத்தேனே. ஆனால் அந்தப் பதிவில் வெல்டிங் இல்லை, ஆட்டோ இல்லை, விசிறி இல்லை. அதில் இல்லாதவை அத்தனையும் அண்ணி செய்த வேலை. அதை எந்தக் காதும் கேட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது விசிறியே இல்லாத கணினி, கைப்பைக்குள் அடங்கிவிடும். தூக்க இரண்டாவது ஆள் வேண்டாம். அண்ணனும் அண்ணியும் வேப்பம்பட்டில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் அதே தேவாலயத்தில் புதிய பாட்டுகளின் பதிவு. அண்ணியை வற்புறுத்தி வரவழைத்தேன். உள்ளே, என் பக்கத்தில் நாற்காலி போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்ததற்கு டீச்சர் கையைத் தூக்கிய நேரத்தில் வெளியே பிளாஸ்டிக் குடம் விற்பவரின் ஒலிபெருக்கி அலறியது. அண்ணி ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"உக்காருங்க அண்ணி. இன்னைக்கு நீங்க கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

"கேட்டேன் பாப்பா, ஜோராக் கீது. நா இங்க குந்திகினு இருந்தா தெருவ யாரு பாக்கறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டீச்சர் தூக்கிய கையை இறக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குடக்காரரின் கூவல் பாதிச் சொல்லில் நின்றது. நான் பதிவை ஓடவிட்டேன்.