பரசூட்டுக்கு வைத்த பொட்டு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சீனக்குடா விமானத்தளத்தில் எனக்குப் பரசூட் பார்க்கிற வேலை. மேசைக்குப் பெரியவர் என் மாமா, ஊரில் பேர் போன தையற்காரர். மற்றவர் கிண்ணியாவிலிருந்து தோணியில் வரும் முஸ்லிம்காரர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். பரசூட்டின் பட்டுத்துணியை மடித்துக் கட்டுவதற்கு முன், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லவேண்டியவர்கள் நாங்கள் மூவரும்தான்.

உப்புக்காற்று பட்ட பரசூட்டை உயரமான கூரையில் தொங்கவிட்டு உலர்த்துவோம். பிறகு நீள மேசையில் விரித்து, துண்டு துண்டாக உள்ளங்கையால் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்போம். கயிறுகளை விரலால் உருவுவோம். பட்டில் கறை படும் என்று தலைக்கு எண்ணெய் வைக்கவும் தடை. காய்ந்த தலையோடு திரிந்த எங்களிடம், வீட்டில் யார் செத்தது என்று தெருவில் துக்கம் விசாரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமாவுக்கோ சிரிப்பு.

அந்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு மாமா கத்தரிக்கோலுக்கும் தையல் மெசினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதோடு விட்டாரா? மேசையில் விரித்துக் கிடந்த பரசூட்டின் உச்சியிலும் ஒரு பொட்டு. சோறு போடுகிற பொருளை மட்டும் எப்படி விடுவது என்பது அவர் கட்சி.

மறுநாள் அந்தப் பரசூட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த நானாவின் கை அந்த இடத்தில் நின்றது. கறைபட்ட துண்டை வெட்டி மாற்றவேண்டும் என்பது தளத்துச் சட்டம். பூசையில் வைத்த பொட்டின்மேல் கத்தரிக்கோலா என்று மாமா முகம் சிவந்தார். நானாவும் விடவில்லை.

"அண்ணை, சந்தனம் ஊறினபடி மடிச்சால் பட்டு இத்துப்போகும். அந்தரத்தில கிழிஞ்சால் என்ன செய்யிறது? குதிக்கிறவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே."

மாமா தானே போய்த் தளத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லி, வயிறு நிறைய ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தன் கையாலேயே வெட்டிப் புதுத்துண்டு தைத்தார். ஆனால் அன்றிலிருந்து நானாவோடு கதைபேச்சு இல்லை. தேநீரும் தனியாகத்தான். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, ஊசி வேண்டுமென்றாலும் இருவரும் என்னைத்தான் தூது விட்டார்கள். வெளியே சிரித்தாலும், இத்தனை நாள் சிநேகம் ஒரு பொட்டால் போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

பிறகொரு காலை, இளம் விமானி ஒருவன் நனைந்த பரசூட்டைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் கொட்டகைக்குள் வந்தான். கடலுக்கு மேலே இயந்திரம் நின்றுபோய்க் குதித்தவனை மீன்காரர் வள்ளத்தில் ஏற்றிக் கரை சேர்த்திருந்தார்கள். மேசையில் விரித்ததும் உச்சியில் அந்தப் புதுத்துண்டு தெரிந்தது. நானா அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். மாமாவின் தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

இதைச் சரிபார்த்தவர் யார் என்று விமானி இங்கிலீசில் கேட்டான். நான் மாமாவைக் காட்டினேன். அவன் நீட்டிய கையை மாமா இரண்டு கையாலும் பிடித்து, நானாவின் கைக்குள் வைத்தார்.

"மருமகன், நன்றியை இவரிட்டச் சொல்லச் சொல்லு. வெட்டச் சொன்னவர் இவர்தான்."

விமானி போனபிறகு மாமா கொஞ்ச நேரம் கயிறுகளை உருவுவதுபோல் பாவனை செய்தார். பிறகு, தேத்தண்ணி குடிக்கப் போவமா என்று நானாவிடமே நேராகக் கேட்டார்.